புதுப்பட்டிப் பொறியின் எழுதாத நான்கு நாட்கள்

நாளை என் மேசை இழுப்பறை, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூவரிடம் வந்துவிடும். உள்ளே இருப்பவை: சாமணம் என்னும் சிறு இடுக்கி இரண்டு, ஒன்றில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். வெப்பநிலைப் பதிவேடுகள் ஏழு. கணினி நிரலின் அச்சுப்படி ஒரு கட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் பஸ் நேரங்கள் எழுதிய அட்டை. பழையது, நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வாரப் படிவம்.

முதல் நான்கில் எது புரியாவிட்டாலும் வேதியியல் கூடத்து ஷாகுலைக் கேளுங்கள். ஐந்தாவதைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிக் குறிப்புகளைப் பெரும்பாலும் ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. இந்தத் திட்டத்தில் என் காலம் முடிகிறது, வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிறேன். ஆனால் இந்த வேலையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். இனி இதில் தவறு செய்ய எனக்கு வாய்ப்பில்லை. உங்களுக்கு இருக்கிறது.

நம் வேலை இரண்டு ஊர்களில் நடக்கிறது என்பதை நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். ராஜபாளையத்தில் வேதியியல், ஸ்ரீவில்லிபுத்தூரில் கணினி. பருத்திக் காய்க்குள் இருந்து விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் பெண் பூச்சி, ஆணை அழைக்க ஒரு வாசனையை வெளிவிடுகிறது. அதை நாம் ஆய்வுக்கூடத்தில் செய்து, ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊறவைத்து, பருத்திக் காட்டில் பொறிக்குள் தொங்கவிடுகிறோம். பெண் என்று நம்பி வரும் ஆண் பூச்சிகள் கீழே கட்டியிருக்கும் பைக்குள் விழுகின்றன. காட்டுக்காரர் காலையில் எண்ணிப் படிவத்தில் எழுதுகிறார். அந்த எண்ணும் அன்றைய வெப்பமும் கணினிக்குள் போகின்றன. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் எவ்வளவு வெப்பம் தேவை என்பது நிரலுக்குத் தெரியும். பூச்சிகள் அலை அலையாக வரும். இப்போது அலை ஏறுகிறதா இறங்குகிறதா, மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று அது சொல்கிறது.

சொல்கிறது என்று எழுதிவிட்டேன். அப்படித்தான் நாங்களும் பேசினோம். உண்மையில் நாம் கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது.

முதலில் சிவப்பு நூலின் கதை, அது சின்னது. நான் சேர்ந்த முதல் மாதம். ஆண் பூச்சிகளை வளர்க்கும் கண்ணாடிக் கூண்டு அப்போதும் அந்த இருட்டு அலமாரியில்தான் இருந்தது. இரவில் விளக்கு, பகலில் இருட்டு. நம்முடைய காலை பதினொரு மணி அவற்றுக்கு நடுச்சாமம். ஒரு பக்கம் ஊறவைத்த ரப்பர், மறுபக்கம் வெறும் ரப்பர். பூச்சிகள் எதன்மேல் பாய்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை இரண்டின்மேலும் பாய்ந்தன. 'வேறுபாடு இல்லை' என்று எழுதி, ஒரு மாதமாகச் செய்த சரக்கை வீணென்று முடிவுகட்டப் போனேன். அதைச் செய்தவர் ஷாகுல். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

"கோமதி, ரப்பரை எதால எடுத்து வச்ச?"

"சாமணத்தால."

"எத்தன சாமணம்?"

"ஒண்ணு."

அவர் கூண்டின் வலைக் கதவுக்கு முன்னால் என்னைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பத்துப் பூச்சிகள் சிறகடித்துக்கொண்டு என் விரலுக்கு நேராக வலையில் மோதின.

"பாத்தியா, அம்புட்டுப் பேருக்கும் ஒன்னையப் பிடிச்சிருக்கு. இனி ஒங்க வீட்ல மாப்பிள்ளை தேட வேண்டாம். என் சரக்கைக் கொற சொல்லாத."

அன்றிலிருந்து வெறும் ரப்பருக்குத் தனிச் சாமணம், சிவப்பு நூல் சுற்றியது. வெறுமையைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாமணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி படிவம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் ஐந்து காடுகளை ஒரு தொகுதியாக எடுத்திருந்தோம். நடுக்காட்டில் ஒரே ஒரு பொறி. அந்தக் காடு ஜெபமணி அக்காவுடையது. இரண்டு ஏக்கர் பருத்தி, ஒற்றை ஆள். வாரம் தவறாமல் மருந்தடித்துக் கண் எரிந்து, உள்ளங்கை உரிந்து, "இதுக்கு வேற வழி இல்லையா?" என்று கேட்டு, பொறிக்கு இடம் கொடுத்தவர். அந்தப் பருத்தியை வைத்துத்தான் மகளை ஜூன் மாதம் நர்ஸிங்கில் சேர்ப்பது என்று வைத்திருந்தார். முதல் நாளே என்னிடம் அதைச் சொல்லிவிட்டார், நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்பது போல. என்னை டீச்சர் என்று கூப்பிடுவார். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்று இரண்டு முறை சொன்னேன். "பொறவு எதுக்கு நோட்டும் கையுமா அலையுதீக?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் நம் தொகுதியில் சேராதவர். வரப்பில் நின்று கேலி செய்வார். "ஏட்டி ஜெபமணி, இன்னைக்கு ஒன் கம்ப்யூட்டரு என்ன சொல்லுது? சோறு திங்கலாமா?"

"ஒனக்குக் கெடையாதுன்னு சொல்லுது, போலே" என்பார் அக்கா.

அந்தப் பருவத்தில் அவர் இரண்டே முறை மருந்தடித்திருந்தார். பக்கத்துக்காரர் எட்டு. காய் பிடித்து, கீழ்க் காய்கள் முற்றத் தொடங்கிய மார்கழிப் பின்பகுதி. காய்ப்புழுவின் பெரிய அலை வருவது அப்போதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாரப் படிவத்தை மடித்து வைப்பார். திங்கள் காலை பஸ் கண்டக்டர் அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்குவார். நான் செவ்வாய்க்கிழமை கணினி அறைக்குப் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கரண்ட் போவதற்குள் தட்டி முடிக்க வேண்டும். அந்தச் செவ்வாய் வந்த படிவம்தான் உறைக்குள் இருப்பது. திங்கள் ஐந்து, செவ்வாய் ஏழு, புதன் ஒன்பது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு: நான்கு கட்டங்களிலும் ஒன்றும் இல்லை.

நான் அவற்றைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பூச்சி விழவில்லை, அதனால் எழுதவில்லை என்று நினைத்தேன். சுழி கூடத் தட்டவில்லை. இடத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போனேன். அந்தக் காலத்து நிரல் மொழி காலி இடத்தைப் படித்தால் அதைச் சுழியாகவே எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். வசதியாக இருக்கிறது என்றுகூட நினைத்ததுண்டு.

சந்தேகப்பட எனக்குக் கிடைத்தவை: ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறியது மறுநாளே ஒன்றுமில்லாமல் போகாது. அந்த வாரம் மழையோ காற்றோ இல்லை. ஜெபமணி அக்கா பூச்சி விழாத நாளில் சுழி போடும் பழக்கம் உள்ளவர்; முந்தைய படிவங்களில் இருக்கிறது. மூன்றும் என் மேசைமேல் இருந்தன. அச்சுப்படி வெளியே வந்ததும் நான் அதன் கடைசி வரியைத்தான் படித்தேன். அலை இறங்கிவிட்டது, அடுத்த அலைக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. 'மருந்து தேவையில்லை' என்று ஐந்து காட்டுக்காரர்களுக்கும் சீட்டு எழுதி, புதன்கிழமை அதே கண்டக்டரிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஷாகுல் அச்சுப்படியைப் பார்த்தார். எந்த ரப்பர் எந்தப் பொறியில் எத்தனை நாள் வேலை செய்தது என்று அவர் ஒரு பதிவேடு வைத்திருந்தார், இன்றும் வைத்திருக்கிறார். அதை நிரப்ப வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"புதுப்பட்டில நாலு நாள் சுழியா?"

"அலை இறங்கிருச்சு."

"எறங்குச்சோ ஏறுச்சோ, அப்ப என் ரப்பர் மாட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருக்கு. நாலு நாள்ல வழிதவறி ஒரு பூச்சிகூடவா வராது? அந்த ரப்பரைக் கொண்டு வா. கூண்டுல வச்சிப் பாப்போம். செத்திருந்தா என் தப்பு. உசுரோட இருந்தா ஒன் தப்பு."

"திங்கக்கிழம படிவம் வரட்டும், பாத்துக்கலாம்."

"திங்கக்கிழம பொங்கல். பஸ்ஸு வரும், படிவம் வராது. போம்மா."

எனக்குக் கோபம்தான். அவர் ரப்பர் செத்துப்போனதை நிரூபிக்கலாம் என்றுதான் ஞாயிறு காலை, போகி அன்று, பஸ் ஏறினேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் செய்த நல்ல காரியங்களில் சில, வேறொருவரைத் தவறென்று காட்டப் போய்ச் செய்தவை.

காட்டில் ஜெபமணி அக்கா பொறிக்குக் கீழே உட்கார்ந்து பையைத் தரையில் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உயர்த்தினார், பேசாதே என்று. எண்ணி முடித்தார்.

"இருவத்தாறு. வாங்க டீச்சர். அதிசயமா இருக்கு, ஞாயித்துக்கிழம."

"இருபத்தாறா?"

"நேத்து இருவத்தி ரெண்டு. அதுக்கு மொத நா இருவது. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"அக்கா, போன வாரம் நாலு நாள் ஒண்ணுமே விழலையே?"

"யாரு சொன்னா?"

"நீங்க எழுதலையே."

"எழுதலைன்னா விழலைன்னா அர்த்தம்? நான் காட்டுக்கே வரல. கோயில்ல அசனம்லா. ஊரு பூராவுக்கும் சோறு. வியாழக்கிழம அரிசி பொடைக்கப் போனவ, ஞாயித்துக்கிழம அண்டா கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பாக்காத பூச்சிய எப்படி எழுத?"

புதுப்பட்டிக் கிறிஸ்தவக் கோயிலில் அசனம் என்றால் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நாள். அதற்கு வேலை செய்ய நேர்ந்துகொண்டவர்கள் அந்த நாட்களில் வீட்டு வேலையைத் தொட மாட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவை என்று நான் வைத்திருந்த பட்டியலில் அது இல்லை.

"திங்கக்கிழம வந்து பாத்தப்ப பைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"பை நெறைய. கனத்துத் தொங்குச்சு. கீழ கொட்டி அமுக்கிட்டு, அன்னைலருந்து புதுசா எண்ணுனேன்."

"எண்ணாம ஏன் கொட்டுனீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இடுப்பிலிருந்த சின்னப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பொறியைக் கையாளும் முறை, பத்து விதிகள். நான் எழுதி, நானே படி எடுத்து, நானே கொடுத்தது. ஏழாவது விதி: 'முந்தைய இரவில் விழுந்த பூச்சிகளை மட்டுமே எண்ண வேண்டும். பழைய பூச்சிகள் இருந்தால் அவற்றை எண்ணாமல் அப்புறப்படுத்த வேண்டும்.'

நான்கு நாள் பூச்சி முழுதும் அந்தப் பையில் இருந்தது. கொட்டச் சொன்னது நான். அவர் எழுதாமல் விட்ட இடத்தில் ஒன்றுமில்லை என்று கணினிக்குச் சொன்னதும் நான்.

"சீட்டுல மருந்து வேண்டாம்னு போட்டிருந்துச்சு" என்றார். "நான் இருவதுன்னு எழுதுதேன், நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லுதீக. ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. படிச்ச பிள்ள, தெரியாமலா எழுதும்னு இருந்துட்டேன்."

"அக்கா, அந்தச் சீட்டு தப்பு."

அக்கா மடியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு செடிக்குள் இறங்கினார். நான் கேட்காமலே காய்களைப் பறித்தார். கீழ்க் கிளையிலிருந்து இருபது, மேல் கிளையிலிருந்து இருபது. வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுத்தோம். வெளியே ஓட்டை தெரியாது. புழு உள்ளே போனதும் காய் அந்த வழியை மூடிவிடும். கீழ்க் காய்களில் ஏழில் புழு இருந்தது. பிறந்து சில நாளே ஆன வெள்ளைப் புழு. சிவப்பு நிறம் பிறகுதான் ஏறும். மேல் காய்களில் ஒன்றே ஒன்று.

அறுத்த காய்களைக் கையால் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றுதான் டீச்சர் போனது.

"ஏட்டி, சொல்லு. அடிக்கவா, வேண்டாமா?"

எனக்கு அப்போது தெரிந்தவை: உள்ளே போன புழுவை எந்த மருந்தும் தொடாது, புழு ஏறிய காய்கள் போனது போனதுதான். பூச்சி இன்னும் பறக்கிறது, மேல் காய்களில் முட்டை வைக்கிறது. முட்டை பொரித்துப் புழு காய்க்குள் நுழையச் சில நாட்களே இருக்கின்றன. தெரியாதவை: அலையின் உச்சி வந்துவிட்டதா, எப்போது, ஒரு முறை அடித்தால் போதுமா. தெரியாதவற்றைச் சொல்ல வேண்டிய கணினி அறை பொங்கல் முடிந்து புதன்கிழமைதான் திறக்கும்.

"செத்த நேரம் இருங்க. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திர்றேன்" என்றேன்.

வத்திராயிருப்பு போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து திட்டத் தலைவரைக் கூப்பிட்டேன். பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். பதறினால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். நான் சொல்லி முடிக்குமுன், "வத்தும்மா, வத்து" என்றார். வேண்டாம், வேண்டாம். பிறகு தமிழில், "கணக்கைத் திரும்ப ஓட்டிப் பாக்காம எதுவும் சொல்லாதீங்க."

"அது புதன்கிழமைதான் முடியும் சார்."

"புதன்கிழமை சொல்லுவோம். இன்னைக்கு ஒண்ணு சொல்லி, புதன்கிழமை வேற சொன்னா, அப்புறம் அந்த ஊர்ல நம்மள ஒருத்தரும் நம்பமாட்டாங்க. சரி எதுன்னு தெரிஞ்சா சொல்லலாம். தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா நாம சொன்னது தப்புன்னு தெரியும்."

பூத்தின் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

அவர் சொன்னது அறிவில்லாத பேச்சில்லை. பொறுப்புள்ள யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள், நானும் வேறொரு நாள் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதில் ஒரு கோணல் இருந்தது. தவறு என்று சொல்வதற்கு, சரி எது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் இரண்டு வேலைகள். முதல் வேலையை அன்றே செய்ய வேண்டும். இரண்டாவதைப் புதன்கிழமை செய்யலாம். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு, ஒன்று தெரியும்வரை மற்றதையும் சொல்லாமல் இருக்கிறோம்.

"சார், நான் சொல்லிர்றேன்" என்றேன். "என் பேர்ல."

"ஒங்க பேர்ல சொன்னாலும் நம்ம பேருதாம்மா" என்றார். ஆனால் மறுபடி வத்து என்று சொல்லவில்லை.

திரும்பி வந்து ஜெபமணி அக்காவிடம், "அடிங்க. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு" என்றேன். "உள்ள போனதைக் காப்பாத்த முடியாது. மேல இருக்கிறதைப் பாக்கலாம். எம்புட்டு மிஞ்சும்னு எனக்குத் தெரியாது."

"நாளைக்குப் பொங்கல். எவன் டேங்கைத் தூக்குவான்?" என்று கேட்டார். தானே பதிலும் சொன்னார். "சரி. எங்க அசனத்துல நீ கணக்கைக் கெடுத்த. ஒங்க பொங்கலுக்கு நான் மருந்தடிக்கேன். சரியாப் போச்சு."

நான் கிளம்பப் பார்த்தேன். மற்ற நான்கு காட்டுக்காரர்களுக்கும் அவர் சொல்லிவிடுவார் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

"எங்க போற? நீ வா. சீட்டு எழுதுனது நீயி. நீயே சொல்லு."

நான்கு வீடுகள். போகியன்று வீடு கழுவிக்கொண்டிருந்த வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் அக்கா பின்னால் நின்றுகொண்டு, "இந்தப் பிள்ள ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணுமாம்" என்பார். நான் சொல்லுவேன்: புதன்கிழமை கொடுத்த சீட்டு தப்பு, பொறியை நாலு நாள் பார்க்கவில்லை, நான் அதைப் பூச்சி இல்லை என்று எடுத்துக்கொண்டேன், காயை அறுத்துப் பாருங்கள், மருந்து அடியுங்கள். ஒருவர் நல்லது என்று மட்டும் சொன்னார். ஒருவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்றாவது வீட்டுக்காரர், "தப்புன்னு சொல்ல பஸ் ஏறி வந்தியா? எங்க ஊரு ஆபீஸருங்க சரியாச் சொன்னதுக்கே வந்ததில்ல" என்று சொல்லி மோர் கொடுத்தார். நான்காவது வீட்டில் மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

அந்த ரப்பரை வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். பொங்கல் கழிந்து கூடம் திறந்ததும் ஷாகுல் அதைக் கூண்டுக்குள் வைத்தார், சிவப்பு நூல் இல்லாத சாமணத்தால். பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வெற்றி கொண்டாடுவார் என்று காத்திருந்தேன். அவர் கூண்டை மூடிவிட்டு, "அக்காவுக்கு எவ்ளோ போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மேல் காய்கள் பெரும்பாலும் தப்பின. கீழ்க் காய்களிலும் நடுக் காய்களிலும் நிறையப் போனது. வெடித்தவற்றில் பஞ்சு கறைபட்டிருந்தது, வெடிக்காமல் பாதியில் நின்றவை அதைவிட அதிகம். தலைவர் புதன்கிழமை கணக்கைத் திரும்ப ஓட்டச் சொன்னார். நான்கு நாட்களைச் சுழியாக எடுக்காமல் தெரியாதவையாக எடுத்தால் என்ன வரும் என்று பார்த்தோம். அடியுங்கள் என்றுதான் வந்தது. 'முந்தைய செவ்வாய்க்கிழமையே' என்றும் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, நிரலை மாற்ற எனக்கு ஒரு வாரம் கொடுத்தார்.

இப்போது நீங்கள் தட்டும் நிரலில் காலி இடம் இருந்தால் அது நின்றுவிடும். ஏன் காலி என்று சொல்லாமல் நகராது. படிவத்தில் மூன்று குறிகள் இருக்கின்றன: 'பார்த்தேன், பூச்சி இல்லை', 'பார்க்கவில்லை', 'பொறி சரியில்லை'. ஏழாவது விதி இப்போது 'பழைய பூச்சிகளையும் எண்ணித் தனியே எழுதவும்' என்று இருக்கிறது. இவற்றையெல்லாம் அறிக்கையில் 'மேம்பாடுகள்' என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள். மேம்பாடு என்ற சொல்லைப் பார்க்கும் இடத்திலெல்லாம், அதற்கு முன்னால் யாருக்கு என்ன போனது என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூன் மாதம் அக்காவின் மகள் நர்ஸிங் சேரவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிவைத்தார்கள். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை, கண்டக்டர் சொன்னார்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் நான் புதுப்பட்டிக்குப் போனேன். பொறியைக் கழற்றி எடுத்துவரத்தான் போனேன். அவர் அதை ஏற்கெனவே கழுவி, கம்பைச் சீவி, கட்டி வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போகவா வந்த?"

"இனிமே வேண்டாம்னு நினைப்பீங்கன்னு…"

"வாரா வாரம் மருந்தடிச்சிக் கண்ணவிஞ்சு போனதும் எனக்குத்தான் தெரியும், போன வருசம் போனதும் எனக்குத்தான் தெரியும். ரெண்டையும் வச்சுப் பாத்துட்டுத்தான் கம்பைச் சீவி வச்சேன். ஆனா ஒண்ணு. நான் எழுதுனதுக்கு மேல நீ எழுதக்கூடாது. நான் எழுதாததுக்கு நீ எழுதவே கூடாது. சரியா?"

"சரிக்கா."

"அப்ப மாட்டு."

மறு வருடம் மார்கழியில் அசன வாரத்துப் படிவம் வந்தது. ஏழு கட்டங்களும் நிரம்பியிருந்தன. வியாழன் முதல் ஞாயிறு வரை எழுத்து மட்டும் வேறு. சின்னதாக, நேராக, பள்ளிக்கூடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் எழுத்து. ஓரத்தில் ஜெபமணி அக்கா எழுதியிருந்தார்: 'மகள் வீட்டில் இருக்கிறாள். எண்ணிவிட்டாள்.'

அவள் வீட்டில் ஏன் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் அலை ஏறியது சரியாகத் தெரிந்தது, ஐந்து காடுகளும் சரியான நாளில் மருந்தடித்தன. அந்த ஜூனில் அவள் சேர்ந்தாள். இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள்.

நிரம்பிய படிவம் கோப்பில் இருக்கிறது. இழுப்பறையில் நான் விட்டுப்போவது அதற்கு முந்தைய வருடத்துப் படிவம். ஐந்து, ஏழு, ஒன்பது, அதற்குப் பிறகு நான்கு கட்டங்கள். நிரலின் கணிப்பைச் சீராக்க வேண்டும் என்று எப்போதாவது உங்களுக்குத் தோன்றும். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் பின்னால் என்ன வந்திருக்கும் என்று கணக்கிடுவது கடினமில்லை. பதினொன்று, பதிமூன்று, பதினாறு, பதினெட்டு என்று நானே ஒரு நாள் பென்சிலால் எழுதிப் பார்த்திருக்கிறேன். பிறகு அழித்துவிட்டேன். உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த தடம் தெரியும்.

அந்த நான்கு இரவுகளில் எத்தனை பூச்சிகள் வந்தன என்று யாருக்கும் தெரியாது. அதை அப்படியே வைத்திருங்கள்.